பதினோராவது குச்சி

எல்லைக்கல்லிலிருந்து ஒரு முழம் இந்தப் பக்கம்
என்று நான் சொன்னேன்.
கல்லே ஒரு முழம் நகர்ந்துவிட்டது
என்றார் குழந்தைவேலு.
சர்வேயர் இரண்டு முறை வந்து
டீ குடித்து, பூம்பாறையின் பனியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்.
கடைசியில் மரத்தை வெட்டினோம்.
விலையைப் பாதியாக்கினோம்,
பேச்சை முழுதாக நிறுத்தினோம்.

கற்பூரமரத்துக்கு இதெல்லாம் தெரியாது.
ஐப்பசி மழைக்குள்
அடிக்கட்டையின் விளிம்பெல்லாம் துளிர்.
எண்பதடி உயரத்தில் அரிவாள் இலை வைத்திருந்த மரம்
மறுபடி வட்ட இலையில் தொடங்கியது,
வெள்ளிப் பூச்சோடு, காம்பே இல்லாமல்.
தண்டுகூடச் சதுரம்.
உருட்டினால் விரலுக்குத் தெரியும்.

மேற்கே முளைத்தவை என்னுடையவை,
கிழக்கே முளைத்தவை அவருடையவை.
வடக்கிலும் தெற்கிலும் முளைத்தவற்றை
இருவருமே பார்க்காததுபோல் இருந்தோம்.

என் நிலம் சரிவு.
ஒவ்வொரு மழைக்கும் என் கேரட் பாத்தியின் மண்
இறங்கிப் போய் அவர் பூண்டில் உட்காரும்.
எத்தனை கூடை என்று
நோட்டில் எழுதித்தான் வைத்திருந்தேன்.

இரண்டாம் வருஷம், தை மாதம்,
என் பக்கத்தை வெட்டினேன்.
கட்டைவிரல் பருமனில் பத்து,
சுண்டுவிரல் பருமனில் ஒரு கட்டு.
அன்றிரவு ரசம்
தலைவலி மருந்துபோல் மணத்தது.

கீழ்மூலையில் வட்டப் பாத்தி.
பத்தையும் சுற்றி ஊன்றி
மெல்லியதை முன்னே பின்னே, முன்னே பின்னே என்று
வளைத்துக்கொண்டு வந்தேன்.
பச்சையில் வளைக்க வேண்டும்.
காய்ந்துவிட்டால் படக்கென்று பதில் சொல்லும்.

இரண்டாம் சுற்றில் திகைத்தேன்.
முன்னே போன இடத்தில் மறுபடி முன்னே.
பின்னே போன இடத்தில் மறுபடி பின்னே.
வளையல் அடுக்கியதுபோல்
ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது, பிடிப்பே இல்லை.
கை பட்டதும் சரிந்தது.
பிரித்தேன். பின்னினேன். பிரித்தேன்.
கோயில் மணி அடித்து ஓய்ந்தது.
கையில் விரல் பதினொன்று இருந்திருந்தால்
முன்பே விளங்கியிருக்கும்:
இரட்டைப்படையில் பின்னல் ஏறாது.

என் பக்கத்தில் இன்னொரு கட்டைவிரல் இல்லை.

"ஒரு குச்சி வேணும்"
என்றேன், வரப்பைப் பார்த்துக்கொண்டே.
"எதுக்கு?"
"பத்து இருக்கு. பதினொண்ணு வேணும்."
"பத்தே போதுமே."
"பின்னிப் பாருங்க."

பார்த்தார். பூண்டு மணக்கும் கை,
நகமெல்லாம் மண். அரைமணி நேரம்.
முன்னே பின்னே, முன்னே பின்னே.
மங்கி குல்லாவைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் கிழக்கே போனார்.
அரிவாள் சத்தம்.
ஒரே ஒரு வெட்டு.

இப்போது திசை பார்த்துப் பிரிப்பதில்லை,
வயது பார்த்துத்தான்.
ஒரு வயசானது எனக்கு, நெளியும்.
மூன்று வயசானது அவருக்கு,
பட்டர் பீன்ஸ் ஏற நிமிர்ந்து நிற்கணும்.
நான் வெட்டாமல் விட்டது
அவருக்காக முதிர்கிறது.
வடக்கும் தெற்கும்கூட இப்போது கண்ணில் படுகின்றன.

போன வாரம் இரவில் காட்டுமாடு வந்திருக்கிறது.
முழங்கால் உயரம்கூட இல்லாத பின்னலைத்
தாண்டி உள்ளே வந்து, தாண்டி வெளியே போயிருக்கிறது.
ஒரு குச்சி உடையவில்லை.
நாலு குளம்புக் குழி, நாலிலும் மழைத்தண்ணீர்.
மண் மட்டும் என் பாத்தியிலேயே இருந்தது.

குழந்தைவேலு வந்து சுற்றிப் பார்த்தார்.
தன் பூண்டுக்கு இந்த வருஷம்
மண் வரத்து குறைச்சல் என்றார்,
சிரிக்காமல்.
நோட்டை எங்கே வைத்தேன் என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.