நாற்பதில் ஒன்று

ரமலான் பிறந்தால் கடையில் எனக்கு வேலை
அடுத்தவர் ஜக்காத்தைக் கணக்குப் போடுவது.
ரங்கூன், ஷ்வே பொந்தா தெரு.
கரண்ட் போன பிற்பகல்.
ஜெனரேட்டர் தும்மித் தும்மி ஓடுகிறது.

டாமுவேயிலிருந்து வந்த அம்மாள்
கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கிறார்:
பன்னிரண்டு வளையல், ஓர் அட்டிகை,
அறுந்த சங்கிலி.
நாற்பதில் ஒன்று, இவ்வளவு வரும் என்கிறேன்.
"இவ்வளவா!"
பெருமூச்சு விடுகிறார்.

அந்தப் பெருமூச்சு எனக்கு வேண்டும்.

எண்பத்தைந்து கிராம்
ஒரு வருஷம் என்னிடம் தங்கினால் போதும்,
கொடுத்தே ஆகவேண்டியவள் ஆகிவிடுவேன்.
இப்போது இருப்பது காதில் ஒரு கிராம்,
அதிலும் ஒரு திருகாணி பித்தளை.

ஆசையா இது, அமலா?
ஆள் இல்லாத நேரம்
வெறும் உள்ளங்கையைத் தராசில் வைத்தேன்.
ஃபேன் காற்றில்
எண் நிற்கவே இல்லை.

மஃரிபுக்கு ஒரு நிமிஷம்.
ஸைத்தூன் கஞ்சிப் பையின் ரப்பரைக் கழற்றுகிறாள்.
பேரீச்சம்பழம் ஒன்றுதான் மிச்சம்.
பிய்த்து அவளுக்கு நீட்டிய பிறகு பார்க்கிறேன்,
பெரிய பாதி என் கையில்.

பாங்கு சொல்லிவிட்டார்கள்.
அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.