குறிப்புப் பெட்டிக்கு அடியில்

அந்த வரைபடத்தை அச்சிட்டவன் நான்தான்.
ஒன்றரை மீட்டர் அகலம், வழுவழுத்த தாள்.
உலான்பாத்தரின் வடமேற்குக் குன்றுகள் அதில்
வெளிர்பச்சையாய் இருந்தன.
நவம்பரில் அங்கே பச்சையாய் எதுவும் இல்லை,
பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் கதவைத் தவிர.

நாற்பது பேரை எதிர்பார்த்தோம்.
பதினேழு பேர் வந்தார்கள்,
கோட்டில் நிலக்கரிப் புகை மணக்க.
"பூங்கா எங்கே வேண்டும்?" என்றார் அதிகாரி.
பச்சை ஒட்டுத்தாள்களை நீட்டினேன்.
யாரும் வாங்கவில்லை.

தெல்கெர்சைஹான் என்ற பெண்
கையுறையைக் கழற்றாமலே
தாளின் வலது மூலையைத் தொட்டாள்.
"இங்கே என்ன எழுதியிருக்கிறது?"
"குறிப்புப் பெட்டி, அக்கா.
நீலம் என்றால் தண்ணீர்க் கடை,
மஞ்சள் என்றால் பேருந்து நிறுத்தம், பச்சை..."
"இதற்கு அடியில்தான் என் வீடு."

மூலை காலியாகத்தானே கிடக்கிறது என்று
பெட்டியை அங்கே வைத்தது நான்.
காலி என்று உனக்கு யார் சொன்னது என்று
அவள் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பள்ளிச் சமையலறையிலிருந்து கத்தரிக்கோல் வந்தது.
பெட்டியை வெட்டி எடுத்தோம்.
அடியில் மேசையின் மரம் தெரிந்தது.
மாவுப் பை ஒன்றைக் கிழித்து
அந்த ஓட்டைக்கு ஒட்டுப்போட்டார்கள்.
அதன்பிறகு குனிந்தவர்கள் நிமிரவில்லை.

லாரி ஓட்டும் பாத்சூரி தன் தெருவுக்கு முன்னால்
பனி உறையும் சரிவை வரைந்தார்:
தண்ணீர் கேன் வண்டியோடு பிள்ளைகள் சறுக்கி விழும் இடம்.
தண்ணீர்க் கடை ஏழு மணிக்கு மூடும்.
வேலை முடிந்து வருகிற பேருந்து ஏழு பத்துக்கு.
அந்தப் பத்து நிமிடத்தை எந்த நிறத்தில் காட்டுவது
என்று என்னைக் கேட்டார்கள்.
எனக்குத் தெரியவில்லை.
ஒரு சிறுவன் சங்கிலி போடாத நாய்களையெல்லாம்
பெயரோடு குறித்தான்.
பக்கத்துப் பக்கத்து வேலிக்காரர்கள் இருவர்
ஒரு முழ நிலத்துக்கு அங்கேயே முட்டிக்கொள்ள,
கோடு மூன்று முறை அழிந்து
மாவுப் பை அந்த இடத்தில் நைந்துபோனது.

பூங்கா?
கடைசியில் தெல்கெர்சைஹான் ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்தாள்.
சரிவின் உச்சியில் ஒட்டினாள்.
"விளக்கு."
பச்சைக்கு அது பொருள் இல்லையே என்று
சொல்ல வாய் திறந்தேன்.
குறிப்புப் பெட்டி தரையில் கிடந்தது,
அதன்மேல் யாருடைய பூட்ஸோ.

அலுவலக ஸ்கேனர் மாவுப் பையை எளிதில் ஏற்கவில்லை.
கண்ணாடியில் வைத்து அழுத்தினேன்.
இந்த வாரம் நகலெடுத்த எல்லாத் தாளிலும்,
சம்பளப் பட்டியலில்கூட,
வலது மூலையில் மெல்லிய வெள்ளைப் புள்ளிகள்.
துடைக்கச் சொல்லி
இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள்.