லேபிள்

பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனியில்
கழுத்துப்பட்டைக்கு அடியில் லேபிள் வைப்பது என் வேலை,
ஷிப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு.
ராத்திரி வீட்டில்
சஸ்வினின் சட்டைகளிலிருந்து
அதையே பிரித்தெடுக்கிறேன்.
உறுத்துகிறதாம்.
ஒரு நூல் மிச்சமிருந்தாலும்
கண்டுபிடித்துவிடுவான்.

போன மாசம் கோயமுத்தூரில்
டாக்டர் நாலு எழுத்து எழுதிக்கொடுத்தார்.
நல்ல மனுசர்.
அடமில்லீங்க, வளர்ப்புக் குத்தமும் இல்லீங்க என்றார்.
அவினாசி தாண்டும்வரை பஸ்ஸில் அழுதேன்,
பாதி நிம்மதியில்.

அதிலிருந்து
பாலைக் கொட்டினால் "எனக்கு ஏடிஹெச்டி".
கணக்கு நோட்டு தொலைந்தாலும் அதே.
மேல்வீட்டுக்குக் குடிவந்த பிள்ளை
பேர் கேட்டதற்கும்
அதையே சொல்லி நிற்கிறான்.

நேற்று பிரித்துப் போட்ட லேபிளை எடுத்து
நடுவில் இரண்டுதரம் எழுந்தோடி வந்து
வாசித்தான்:
முப்பது டிகிரித் தண்ணீர்.
முறுக்கிப் பிழியாதே.
நிழலில் உலர்த்து.
"ஏம்மா,
சட்டை என்ன கலர்னே
இதுல போடலையே?"

ஒன்பது வருசம் தைக்கிறேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஆமாம், போடவில்லை.

பள்ளிக்கூடத்து ஃபாரத்தில்
'மாணவரைப் பற்றி' என்று ஒரே ஒரு வரி.
அதில் டாக்டர் சொன்னதை எழுதி
கூடவே
முறுக்க வேண்டாம் என்றும் எழுதினேன்.
பின்பக்கம் காலியாக இருந்தது.
தெருவில் ஓடும் தறி ஒவ்வொன்றுக்கும்
சத்தத்தை வைத்துப் பேர் வைத்திருக்கிறான்.
கோபம் ஐந்து நிமிசம் தாங்காது.
நொண்டி நாய்க்கு பிஸ்கட்டில் பாதி,
பெரிய பாதி.
அடுத்து எழுதுவதற்குள்
மொட்டைமாடியிலிருந்து கத்துகிறான்,
சட்டையில்லாமல்,
"அம்மா, வெசயா வா,
இங்க ஒண்ணு இருக்குது!"