வயர் புதைத்தல்

மகா ஓயாச் சந்தியில் ஜீப்பை மறித்தவர்
பின்கதவைத் திறந்தார்.
நாலு பற்றரி, சுருள் சுருளாய் வயர்,
இரண்டு மண்வெட்டி,
உப்புச்சேறு நிரப்பிய மண்சாடிகள்.
"என்ன செய்யப் போறீங்கள்?"
"குழி தோண்டி வயர் புதைக்க."
சொல்லி முடித்த பிறகுதான்
இந்த மாவட்டத்தில் அந்த வசனத்தின் வயது
நினைவுக்கு வந்தது.
தயாநேசன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தார் அவர்.
ஒரு சொல்லில் விரல் நின்றது: மக்மா.
"இங்கே எரிமலை இருக்கா, மிஸ்?"
இல்லை.
இல்லாத நெருப்பு கிணற்றைச் சுடவைப்பது எப்படி
என்பதுதான் எங்கள் விண்ணப்பம்.

சீமெந்து கட்டிய கிணறுகள்,
பக்கத்தில் பக்கத்தில், சூடு மட்டும் வேறுவேறு.
குளிக்க வந்த சனம்
இதில் முட்டை அவியும் என்றது.
வெப்பமானியை இறக்கினேன். ஐம்பத்து நாலு.
அவியாது.
சொல்லவில்லை.

நிலத்துக்குள் நாங்கள் எதையும் அனுப்புவதில்லை.
வேறு கண்டத்தில் இடிக்கும் மின்னலும்
சூரியனிலிருந்து வீசும் காற்றும்
மண்ணுக்குள் எழுப்பும் ஓட்டம் ஒன்று உண்டு,
எறும்பின் நாடி அளவு.
அதைத்தான் இரவெல்லாம் கேட்கிறோம்.
அலை மெதுவாக அசைய அசைய
அது தொட்டு வரும் ஆழம் கூடும்.

முதல் இரவு கேட்டது:
டிக்.
டிக்.
டிக்.
திரை முழுக்கச் சீப்புப் பல்.
யானை வேலி.
விநாடிக்கொரு தரம் துடிக்கும் மின்சாரம்
பூமியைவிடச் சத்தமாகக் கதைத்தது.

வேலியின் திறப்பு பியரத்னவிடம்.
வேலிக்கு இந்தப் பக்கம் அவருடைய சோளன்,
கதிர் பால் பிடித்த பருவம்.
ஒரு இரவுக்கு நிறுத்துவீங்களா என்றேன்,
என் சிங்களம் தடுக்கி விழ விழ.
"எவ்வளவு ஆழம் பார்ப்பீங்கள்?"
"இருபது கிலோமீற்றர்."
"என் கிணறு இருபத்தெட்டு அடி" என்றார்.
பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பதினொரு மணிக்குத் திறப்பைத் திருப்பினார்.

கோடு நிதானமாக ஏறியது, நிதானமாக இறங்கியது,
பெரிய மிருகமொன்று
நித்திரையில் மூச்சு விடுவது போல.
இரண்டு நாற்பதுக்கு
உண்மையான மிருகங்கள் வந்தன.

"மிஸ், வந்திட்டுது."
தட்டைகள் முறியும் சத்தம்.
பியரத்ன வெடி கொளுத்தி எறிந்தார்;
ஒன்று வெடித்தது, இரண்டு நமுத்துப்போயின.
எங்கள் வடக்கு வயர்
யாரோ ஒருத்தியின் காலில் சிக்கிக் காட்டுக்குள் போயிற்று.
கையில் மிஞ்சியது
மூன்று மணி நாற்பது நிமிடப் பூமி.

ஒலுவில் அறையில் நாற்பது நாள் கணக்கு.
படம் வந்தது: நெட்டுக்குத்தாக ஒரு கற்சுவர்.
கண்டங்கள் பிரிந்த காலத்தில்
வெடிப்பொன்றுக்குள் ஏறிய உருகிய கல்லாக இருக்கலாம்.
மேலே வரத்தான் வந்தது. வரவில்லை.
பாதி வழியில் நின்று கறுத்தது.
அதன் சூடு எப்போதோ ஆறிப்போயிற்று.
ஆழத்துக்கு இறங்கிய மழைதான்
அங்குள்ள வெக்கையை வாங்கிக்கொண்டு
சுவரைப் பிடித்துப் பிடித்து
ஏறி வருகிறது.

தலைப்பிலிருந்து மக்மாவை எடுத்துவிடு என்றார் பேராசிரியர்.
'இரைச்சல்' என்ற பகுதியில் எழுதினேன்:
மின்வேலி, யானை.
அரை ஏக்கர் சோளன்
எந்தப் பகுதியில் வரும்?

காசு உறையோடு திரும்பிப் போனேன்.
பியரத்ன எண்ணிப் பார்த்து, போதாது என்றார்.
பிறகு படத்தைக் கேட்டார்.
"இதில் நான் எங்கே?"
மேல் விளிம்பைக் காட்டினேன்.
அவர் கிணறு, வேலி, வீடு, யானைகள்,
சந்தியில் எங்களை மறித்தவர்,
புதைத்த வயர், புதைத்து எடுக்காத வயர்
எல்லாம் அந்தக் கறுப்புக் கோட்டின் தடிப்புக்குள்.
கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்,
ஏதும் தட்டுப்படுமா என்பது போல.

யானை விட்டுப்போன கதிர்கள் முற்றியிருந்தன.
நாலை முறித்து அடுப்பில் ஏற்றினார்.
அவிய நேரமெடுக்கும், இருங்கள் என்றார்.
"கிணற்றில் அவியாது.
அது எனக்கும் தெரியும்."