உப்பு பார்த்துச் சொல்லவும்

பத்மநேரிக்கு மேற்கே எண்பது சென்ட்.
பாதி வாழை, அதுவும் பன்றிக்குப் போக.
இந்த வருஷம் பன்றி
பதினோரு ஏத்தனைச் சாய்த்துவிட்டு
நார்த்தையைத் தொடாமல் போனது.
அதற்குப் புளிப்பு ஆகாது போல.

பங்குனி உத்திரத்துக்கு ஒன்பது நாள்.
சாஸ்தா கோயிலில் எல்லாரும் கூடுவார்கள்,
யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.
ஹார்லிக்ஸ் பாட்டில் பதினேழு
கழுவிக் கவிழ்த்தாயிற்று.
கடைசி ஒன்றுக்கு மட்டும் எந்த மூடியும் சேரவில்லை.

பெரிய அக்காளுக்கு மோர் மிளகாய்.
ரத்தக்கொதிப்பு, ஆனாலும் கேட்பாள்.
சம்பந்தி வீட்டுக்கு ஏத்தங்காய் வத்தல்,
உடையாததாகப் பொறுக்கி.
உடைந்தது லைன்மேன் தவசிக்கனிக்கு
என்று ஒதுக்கிய பிறகு
அடைமழையில் அவர் கம்பத்தில் நின்றது ஞாபகம் வந்து
இரண்டு கை மாற்றிப் போட்டேன்.
பெங்களூரில் இருக்கும் தம்பி மகளுக்கு
முருங்கையிலைப் பொடி.
போட்டோ எடுத்து அனுப்புவாள்.
தின்பாளா, தெரியாது.

மிளகாய் கிள்ளிய கையால் கண்ணைத் தேய்த்தேன்.
அழுகிறேன் என்று நினைத்து
இவர் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார்.
வாங்கிக் குடித்தேன்.

நார்த்தங்காய்தான் வேலை.
அறுபடாமல் சுருளாக நறுக்க வேண்டும்,
இழுத்தால் நாடா, விட்டால் காய்.
அது எங்கள் வீட்டில்
பிரமு மதினிக்குத்தான் வரும்.

மதினி என்று இன்னும் சொல்லலாமா?
இரண்டு வருஷம் முன்னால் நெல்லைக் கோர்ட்டில்
அண்ணன் ஒரு கையெழுத்து,
அவள் ஒரு கையெழுத்து.
என்னிடம் யாரும் கையெழுத்து கேட்கவில்லை.

இப்போது வடசேரியில் இருக்கிறாள்,
டெய்லர் கடைக்கு மேல்மாடியில்.
உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தாவிடம் போவாள்?
பிறந்த வீட்டுச் சாஸ்தா
கட்டிக்கொடுத்ததோடு கைகழுவியவர்.
எங்கள் சாஸ்தாவிடம் வந்தால்
அங்கே அண்ணனும் புதுப் பெண்டாட்டியும்
பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பதினாறில் பேர் எழுதி ஒட்டினேன்.
பதினேழாவதில்
'மதினிக்கு' என்று எழுதி நகத்தால் சுரண்டினேன்.
'பிரமுவுக்கு' என்றால்
ஏதோ கடன்காரியை அழைத்த மாதிரி.
கடைசியில்
'நார்த்தங்காய். உப்பு பார்த்துச் சொல்லவும்.'
அவ்வளவுதான்.
மூடிக்குப் பதில் பாலித்தீன் வைத்து
வாழைநாரால் இறுக்கிக் கட்டினேன்.

காலையில் பாபநாசம் நாகர்கோவில் வண்டி.
கண்டக்டர் செல்லத்துரை பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு,
"வடசேரில யாரு வந்து வாங்குவா?"
"எங்க மதினி."
வாய் யோசிக்காமல் சொல்லிவிட்டது.

உத்திரத்தன்று
அண்ணன் அங்கேயே பாட்டிலைத் திறந்தான்.
ஒரு துண்டைச் சப்பிவிட்டு
"பழைய மாதிரி இல்லயே" என்றான்.
சுருள் எல்லாம் அறுந்து அறுந்துதான் கிடந்தது.
நான் அடுப்பைத் தள்ளிவிடப் போய்விட்டேன்.
புதியவள் அதை வாங்கி மூடி
முந்தானையில் சுற்றி
வீடு வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாளாம்.
அவள் மேல் என்ன குற்றம்.
அவளும் மதினிதான்.

சித்திரை பிறந்து நாலாம் நாள்
ரோட்டில் ஹாரன் விடாமல் அடித்தது.
அதே பாட்டில்,
கழுவி, வெயிலில் காய்ந்து.
உள்ளே ஒரு கைப்பிடி கிராம்பு,
மேலே
எங்கிருந்து தேடினாளோ
கணக்காகப் பொருந்திய ஒரு சிவப்பு மூடி.

என் சீட்டை உரிக்கவில்லை.
அதற்குக் கீழேயே பென்சிலில்
'உப்பு ஜாஸ்தி. அடுத்த வருஷம் குறைத்துப் போடு.
கத்தியைச் சாணை பிடி.'

வீட்டுக்கு என்று வைத்திருந்ததில்
ஒரு துண்டு எடுத்து
வாயில் போட்டுப் பார்த்தேன்.
உப்பு ஒன்றும் ஜாஸ்தி இல்லை.
எப்பவும் இப்படித்தான்,
அவள் நாக்கு.