எழுநூற்றுப் பத்தொன்பது

உப்பனாற்று முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது.
அதனால் கப்பல் உள்ளே வரவில்லை.
மூன்று மைல் தள்ளி நங்கூரமிட்டிருக்கிறது.
தேவனாம்பட்டினத்துக் கரையிலிருந்து பார்த்தால்
யாரோ பென்சிலால் போட்டு
அழிக்க மறந்த கோடு.

கடற்படை வாரம். பொதுமக்கள் பார்வைக்கு.
ஆதார் நகல் வேண்டும், ஹைஹீல்ஸ் கூடாது,
செல்போன் கரையிலேயே.
சோனாங்குப்பத்து பைபர் படகுகள்
தலைக்கு இருநூறு என்று ஆரம்பித்து,
இலவசம் என்று கலெக்டர் ஆபீஸ் சொன்னதும்
மூஞ்சியைத் தூக்கிக்கொண்டே ஏற்றுகின்றன.

பின்புறத்தில் பித்தளையில் பேர் இருக்கிறது.
எனக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை.
ஹூக்ளிக் கரையில் நாங்கள் அதை
எழுநூற்றுப் பத்தொன்பது என்போம்.
எழுநூற்றுப் பத்தொன்பதுக்குத் தகடு வந்தாச்சா.
எழுநூற்றுப் பத்தொன்பதில் மழைத்தண்ணி நிக்குது.
நான்கு வருஷம் இப்படி.

அப்போது அது கப்பலே இல்லை.
தலைகீழாய்க் கட்டி வைத்த இரும்பு அறைகள்,
ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம்.
கிரேன் தூக்கிப் புரட்டும்போது
சாப்பாட்டு டப்பாவைப் பாதி திறந்தபடி
எல்லோரும் அண்ணாந்து நிற்போம்.

எனக்கு வேலை இரவில்.
ஆட்களை விரட்டி, கயிறு கட்டி, சிவப்பு விளக்குப் போட்டு
வெல்டிங்குகளை எக்ஸ்ரே எடுப்பது.
இரும்புக்குள் என்ன இருக்கிறதென்று
விடிவதற்குள் சொல்லியாக வேண்டும்.
கடுகளவு காற்று. மயிரிழைப் பிளவு.
நாற்பத்தேழாம் சட்டத்துக்குக் கீழே
சுகுமார் மண்டல் போட்டதை
மூன்று முறை தள்ளினேன்.

மூன்றாம் முறை முகமூடியைக் கழற்றி வீசினான்.
மே மாதம். தகட்டை முதலில் சூடேற்ற வேண்டும்,
நூற்றிருபது டிகிரி.
அதன் அடியில் மல்லாந்து கிடக்கிறவனுக்கு
எத்தனை டிகிரி என்று
எந்தக் கையேட்டிலும் போடவில்லை.
இதை எவன் பார்க்கப்போகிறான் என்று கத்தினான், வங்காளத்தில்.
அவ்வளவு வங்காளம் எனக்குத் தெரியும்.
தெரியாத மாதிரி
சாக்பீஸால் மறுபடி வட்டம் போட்டேன்.

நான்காவது படம் சுத்தம்.
அப்புறம் அவன் என்னிடம் பேசவில்லை.
காளி பூஜைக்கு மறுநாள்
என் விளக்குப் பெட்டியின் மேல்
ஒரு பொட்டலம் சந்தேஷ் இருந்தது,
எறும்பு மொய்க்க.

பிறகு அது தண்ணீரில் இறங்கியது, பேர் வாங்கியது,
ஏடன் வளைகுடாவில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது,
புயலடித்த ஒரு தீவில் குடிநீர் இறக்கியது.
செய்தியில் பார்த்தேன்.
அதன் மூக்கு அலைக்குள் புதைந்து எழும் ஒவ்வொரு முறையும்
எனக்கு அடிவயிற்றில், நாற்பத்தேழாம் சட்டத்தில்,
ஒரு இறுக்கம்.

இப்போது அதன் மேல்தளத்தில் நிற்கிறேன்.
பீரங்கியைத் தொடப் பள்ளிப் பிள்ளைகளின் வரிசை.
ஏவுகணை எங்கே என்கிறான் ஒருவன்.
எட்டுச் சதுர மூடிகளைக் காட்டுகிறார்கள்.
இவ்வளவுதானா என்று திரும்பிவிடுகிறான்.

சட்டையில் ரூபன் என்றிருந்தது, பேச்சில் தூத்துக்குடி.
கீழே போய்ப் பார்க்கலாமா தம்பி?
அங்கன பப்ளிக்குக்கு அனுமதி கிடையாதுக்கா.
அந்தக் கதவுக்குப் பின்னால் இடதுபக்கம் ஏணி,
பன்னிரண்டு படி, ஆறாவது படியில் தலை இடிக்கும்
என்று சொல்ல வந்தேன்.
சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்பார்,
பின்னால் வரிசை நிற்கிறது.

உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன்.
ஜெனரேட்டரின் மெல்லிய நடுக்கம்.
சாம்பல் பூச்சு, அதன்மேல் பூச்சு, அதன்மேல் பூச்சு.
பெயின்ட் ஒட்டிரும்க்கா, கைய எடுங்க.

திரும்பும்போது படகுக்காரர் கேட்டார்:
எல்லாம் காட்டுனாங்களா?
காட்டினார்கள்.
அவர் படகின் அடியில், பைபர் ஒட்டுப்போட்ட இடத்தில்
தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.
கால் கட்டைவிரலால்
அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.