முட்டு

எல்லாரும் கேட்பது அந்த ட்ரையைப் பற்றித்தான்.
கார்டிஃபில், கடைசி நிமிடம்,
எங்கள் விங்கர் மூலைக்கொடி ஓரம் பாய்ந்து விழுந்தானே, அது.
நான் பார்க்கவில்லை.
நாற்பது மீட்டர் பின்னால் சேற்றில் கிடந்தது என் முகம்,
முதுகின்மேல் இரண்டு வேல்ஸ்காரர்கள்.
அரங்கம் வாயடைத்துப் போனதை வைத்துத்தான்
ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டேன்.

முன்வரிசை, வலப்பக்கம், எண் மூன்று.
பதினான்கு வருடம் நான் பார்த்த ரக்பி
புல்.
ஹாவிக் புல் வேறு, லிமெரிக் புல் வேறு.
கால்வேயில் புல்லும் உப்புக் கரிக்கும்.
கிளாஸ்கோவில் பிளாஸ்டிக்கில் போட்டார்கள்,
அது முழங்கால் தோலை வாங்கிக்கொண்டு
கறுப்பு ரப்பர் மணிகளைத் திருப்பிக் கொடுத்தது.

குனி, என்பார் நடுவர்.
பிடி, என்பார்.
முட்டு.
அந்தப் பக்கம் தொள்ளாயிரம் கிலோ
இந்தப் பக்கம் தொள்ளாயிரம் கிலோ
நடுவில் நினியன் பிரிங்கிளின் கழுத்து.

காது முதலில் வீங்கியபோது டாக்டர் ஊசியால் உறிஞ்சினார்.
மறுபடி வீங்கியது, மறுபடி உறிஞ்சினார்.
மூன்றாம் முறை நான் போகவில்லை.

ஒப்பந்தம் முதலில் மூன்று வருடம்,
பிறகு ஒரு வருடம்,
பிறகு ஒன்பது மாதம், "பார்க்கலாம்" என்ற சொல்லோடு.

நாட்டுக்காக ஒருமுறை ஆடினேன்.
மரேஃபீல்ட், நவம்பர் மழை, எதிரணி டோங்கா.
எழுபத்து மூன்றாம் நிமிடம் உள்ளே அனுப்பினார்கள்.
ஒரு ஸ்க்ரம். சரிந்தது.
மறுபடி. சரிந்தது.
மூன்றாவதில் பெனால்டி எங்களுக்கு.
பந்தை வெளியே உதைத்தார்கள், விசில்.
பந்தை நான் தொடவே இல்லை.
கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள்:
நீல வெல்வெட் தொப்பி, வெள்ளிக் குஞ்சம்,
என் தலைக்குச் சின்னது.
வீட்டில் இஷ்பல் அதைத் தேநீர்க் கெண்டிக்கு மாட்டிப் பார்த்தாள்.
கச்சிதம்.

கழுத்துப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
அறுபது வயது எலும்பு என்றார்கள்.
எனக்கு முப்பத்து நான்கு.
இப்போது ஆட்டுத்தீவனம் ஏற்றிய லாரி ஓட்டுகிறேன்.
திரும்பிப் பார்க்க முடியாது,
கண்ணாடிகள் இருக்கின்றன.

போன செப்டம்பர் கெல்ஸோவில் கிடா ஏலம்.
கூடாரத்துக்குக் கூடாரம் ஏலக்காரர்களின் கத்தல்.
பட்டிக்குப் பக்கத்தில் யாரோ ஒருவன்
அயர்லாந்து நாக்கில் விலை கேட்டுக்கொண்டிருந்தான்.
முகம் தெரியாது. குரல் தெரியாது.
கிடாவின் முதுகைத் தடவிப் பார்க்கக் குனிந்தான்,
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தது,
கற்பூரத் தைல வாடை அடித்தது.
என் கழுத்துக்குத்தான் முதலில் தெரிந்தது.

கோர்மாக் மெக்கில்டௌனி. அல்ஸ்டர். எண் ஒன்று.
பத்தொன்பது ஆட்டம் காதோடு காது உரசி நின்றிருக்கிறோம்.
அவன் மூச்சில் என்ன சாப்பிட்டான் என்று சொல்வேன்.
முகத்தை நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.
இவ்வளவு சாதுவான கண்கள் இருக்குமென்று நினைக்கவில்லை,
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"என் முழங்கையைக் கீழே இழுப்பாயே" என்றேன்.
"நடுவர் பார்க்கவில்லையே" என்றான்.
அதற்குமேல் பேச எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.
மழை வருமா என்று இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம்,
அதாவது அவன் பார்த்தான், நான் அவனைக் கேட்டேன்.

அப்போதுதான் அந்த டெக்ஸல் கிடா
நாலடி பின்னால் போய்
தடுப்பின்மேல் வந்து மோதியது.
கொக்கி கழன்றது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
குனிந்தோம்.
அவன் என் சட்டையை நான் அவன் சட்டையைப் பிடித்தோம்,
தோளைக் கொடுத்தோம்,
முதல்முறையாக ஒரே பக்கம்.
மறுபடி மோதியது. இரும்பு அதிர்ந்தது.
என் கண்ணெதிரே மிதிபட்ட புல், ஆட்டுப் புழுக்கை,
அவனுடைய வலது பூட்ஸ்.

கிடா தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது.

"பெனால்டி நமக்கு" என்றான் கோர்மாக்,
இன்னும் சட்டையை விடாமல்.